பழைய சேலை, பனியன் வேஸ்ட், கோணிப்பை: வீட்டு அறையை ஒலிப்பதிவுக்குத் தயார் செய்வது எப்படி?

காலி அறை ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ஓசை அதோடு நிற்காது. ஸ்பிரிங்கைச் சுண்டிவிட்ட மாதிரி ‘ட்ரிங்ங்’ என்று ஒரு வால் நீளும். நம் ஊர் வீடுகளில் இது இன்னும் அதிகம். சுவரெல்லாம் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஆறு பக்கமும் கல்தான். எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் அந்த வாலையும் சேர்த்துத்தான் அது பதியும்.

நான் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறவன். மாடியில் இருக்கும் என் அறை 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. அதைச் சரிசெய்யக் கடையில் விற்கும் ஃபோம் எதையும் நான் வாங்கவில்லை. வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் ஒதுக்கிப்போட்ட துணி, வொர்க்‌ஷாப்பில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட், அரிசிக் கடையின் கோணிப்பை, பார்சல் பெட்டியைப் பிரித்த பலகை, இவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரியம் நடப்பது பொருளின் விலையால் அல்ல, அதன் தடிமனாலும் சுவருக்கும் அதற்கும் நடுவில் விடும் இடைவெளியாலும்தான். கீழே சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவே.

தெருச் சத்தம் வேறு, அறைச் சத்தம் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை இறைக்கிறவர்கள் நிறையப் பேர். வெளியிலிருந்து வரும் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, கோயில் ஒலிபெருக்கி இவற்றைத் தடுக்க எடை வேண்டும். கனமான சுவர், கனமான கதவு, காற்றுகூடப் புகாத அடைப்பு. துணியாலும் பஞ்சாலும் அது ஆகாது. காற்று நுழைகிற பொருளுக்குள் சத்தமும் நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

ஆனால் அறைக்குள்ளேயே நம் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதே, அதை அடக்க அதே துணிதான் சரியான பொருள். நாம் செய்யப்போவது இந்த இரண்டாவது வேலை. வெளிச்சத்தத்துக்கு என்னிடம் இருக்கும் மருந்து சின்னதுதான். கதவுச் சட்டத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்துச் சிறு ஆணியால் அடித்துவிட்டேன். கதவு சாத்தும்போது இடுக்கில்லாமல் அழுந்துகிறது. கதவின் அடியில் வைக்க, பழைய பேன்ட்டின் ஒரு காலைத் தைத்து மணல் நிரப்பிய உருளை. அப்புறம் நேரம். அதிகாலை நாலு மணிக்குப் பதிவு செய்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீரும்.

ஒரு சின்னக் கணக்கு

1895ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை விநாடி அது அரங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, ஓசை எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போயாக வேண்டும். இன்றைக்கும் உலகம் முழுக்க அரங்கு கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்து வந்தது. இரவல் மெத்தையை வைத்து ஒரு அறிவியல் துறையே தொடங்கியிருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

சூத்திரத்தை அடிக்கணக்கில் இப்படிச் சொல்லலாம்: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்குங்கள். வருவதை, ஓசையை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுங்கள். கிடைப்பது, ஓசை அடங்க எடுக்கும் விநாடி.

என் அறை 1200 கன அடி. பெருக்கினால் ஏறத்தாழ 59. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. பூச்சுச் சுவர் தன்மேல் படும் ஓசையில் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சும் என்று வைத்தால், உறிஞ்சும் பரப்பு வெறும் 20 சதுர அடி. 59ஐ 20ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3 விநாடி. இப்போது நூற்றுக்கு எண்பது பங்கு உறிஞ்சும், மரச்சட்டத்துக்குள் துணி நிரப்பிய தடித்த பேனல்களை 100 சதுர அடிக்கு வைத்தால் இன்னும் 80 சேரும். மொத்தம் 100. விடை 0.6 விநாடி. துணி நிறைந்த அலமாரி, கட்டில் மெத்தை, திரை, நீங்கள், எல்லாம் சேர்ந்து இன்னும் குறைக்கும். பேச்சுக் குரலுக்கு 0.3 விநாடியை ஒட்டி வந்தால் போதும். உங்கள் அறையின் அளவைப் போட்டு ஒரு தாளில் கணக்குப் பாருங்கள். எத்தனை பேனல் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முட்டை அட்டை வேண்டாம்

முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டிய அறைகளைப் படங்களில் பார்த்து, நானும் ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள் கொஞ்சம் மங்கின. குரலின் அடிப்பகுதி அப்படியே முழங்கியது. பதிவைக் கேட்டால் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியது போல் இருந்தது. அட்டை மெல்லியது, அதனால்தான். மெல்லிய ஃபோமும் ஒற்றைத் திரையும் இதையேதான் செய்யும்.

காரணம் எளிது. பஞ்சோ துணியோ ஓசையை எப்படித் தின்கிறது? ஒலி அலை வரும்போது காற்று முன்னும் பின்னும் அசைகிறது. அது இழைகளுக்கு நடுவே உரசி, அந்த உரசலில் ஆற்றல் மிக நுண்ணிய சூடாக மாறுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையவே வழியில்லை. சுவரிலிருந்து அலைநீளத்தின் கால்பங்கு தள்ளித்தான் அசைவு மிக அதிகம். ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 100 அதிர்வு என்ற அளவில் இருக்கும். அதன் அலைநீளம் மூன்றரை மீட்டர். கால்பங்கு என்றால் ஏறக்குறைய 3 அடி. அரை அங்குல அட்டை அதை என்ன செய்யும்? 4 அங்குலப் பேனலை 4 அங்குலம் தள்ளி மாட்டினால், 400 ஹெர்ட்ஸை ஒட்டி நன்றாக வேலை செய்து, அதற்குக் கீழேயும் ஓரளவு இறங்கும். இடைவெளி என்பது காசில்லாமல் கிடைக்கும் தடிமன். அதை வீணாக்காதீர்கள்.

தெர்மோகோலும் வேண்டாம். அதன் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாது. மேலும் முட்டை அட்டையைப் போலவே அதுவும் நெருப்பு பட்டால் குபுகுபுவென்று எரியும்.

எதை எடுப்பது, எப்படிச் சோதிப்பது

சோதனை இதுதான். துணியையோ பஞ்சையோ வாயில் அழுத்தி வைத்து ஊதுங்கள். மூச்சு லேசான தடையோடு உள்ளே போகிறதா? நல்ல பொருள். போகவே இல்லையா, ரெக்சின், பிளாஸ்டிக், தார்ப்பாய் மாதிரி? ஓசையும் திரும்பித்தான் வரும். தடையே இல்லாமல் கொசுவலையைப் போல ஊதுகிறதா? ஓசையும் அப்படியே கடந்து போகும். இந்த ஒரு சோதனையை வைத்தே எந்தப் பழைய பொருளையும் எடைபோடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கத்துப் பின்னலாடைக் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள்தான் அவை. ஊர் ஊருக்கு மூட்டையாகப் போய், வொர்க்‌ஷாப்பில் கை துடைக்கப் பயன்படுகின்றன. பருத்தித் துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் பட்டது வேண்டாம். அடுத்தது பழைய துண்டு, போர்வை, ஜீன்ஸ். பழைய கார்களின் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிறக் கம்பளம் போன்ற பொருளும் அருமையானது. பெரும்பாலும் அதுவே பழந்துணியை நூலாகப் பிய்த்து அழுத்திச் செய்ததுதான். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் விசாரிக்கலாம்.

இலவம்பஞ்சைத் தனியாக நிரப்ப வேண்டாம் என்பேன். சீக்கிரம் பற்றிக்கொள்ளும், தூசியும் பறக்கும். சொந்த வீட்டுப் பழைய பருத்தி மெத்தை இருந்தால் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். தெருவில் கிடக்கும் மெத்தையை மட்டும் எந்தக் காலத்திலும் எடுத்து வராதீர்கள். மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள் வந்தால் ஸ்டுடியோ என்ன, தூக்கமே போய்விடும்.

இடித்த கட்டடத்திலிருந்து கண்ணாடி இழைப் பஞ்சு கிடைப்பதுண்டு. ஓசைக்கு அது மிக நல்லது. ஆனால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாது. என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாத பழைய வெப்பக்காப்புப் பஞ்சையும், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் தொடவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பேனல் செய்வது

ஒரு பேனல் 2க்கு 4 அடி. பக்கப் பலகை 4 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். பார்சல் பெட்டிகளைப் பிரித்தால் இந்த அளவில் தாராளமாகக் கிடைக்கும். பழைய ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டுத்தான் அறுக்க வேண்டும். நாலு பலகையையும் செவ்வகமாக வைத்து மூலைக்கு இரண்டு ஸ்குரூ போடுங்கள். நடுவில் குறுக்கே ஒரு ரீப்பர் அடித்தால் சட்டம் கோணாது.

பின்பக்கம் கோழி வலையோ பழைய கொசுவலையோ இழுத்து அடியுங்கள். பலகை வைத்து மூடக்கூடாது. பின்னால் இருக்கும் இடைவெளிக்குள் ஓசை போய் வர வேண்டும் இல்லையா?

இப்போது நிரப்புவது. பனியன் வேஸ்ட்டை மூட்டையிலிருந்து எடுத்து அப்படியே திணிக்காதீர்கள். தரையில் கொட்டி, முறுக்கிக் கிடக்கும் துண்டுகளைக் கையால் உதறிப் பிரித்து, அடுக்கடுக்காகப் போடுங்கள். ஒரு பேனலுக்கு 4 முதல் 5 கிலோ பிடிக்கும். கையால் அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் மேலே வர வேண்டும். தலையணையைவிடக் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவே.

முன்பக்கத்துக்குப் பழைய வாயில் சேலையோ கைத்தறிச் சேலையோ சரியாக இருக்கும். என் பேனல்களில் அம்மாவின் சேலைகள். நீலத்தில் மஞ்சள் பார்டர் போட்டது மைக்குக்கு நேர் எதிரே இருக்கிறது. சேலையை இழுத்து, பின்னால் மடித்து ஸ்டேப்ளர் அடித்த பிறகு ஒரு வேலை பாக்கி. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பேனலைச் செங்குத்தாக மாட்டியதும் உள்ளே இருக்கும் துணி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆறு மாதத்தில் மேல்பாதி காலி, கீழ்பாதி தொப்பை. அதைத் தடுக்க, மெத்தை தைப்பது போல, கோணி ஊசியில் சணல் கோத்து முன்னிருந்து பின்னாக வலையோடு சேர்த்து அடிக்கு ஒரு தையல் போடுங்கள். சணலைச் சுண்டி இழுக்காமல் முடிச்சுப் போட்டால் தடிமன் குறையாது.

முடிந்த பேனல் 8, 9 கிலோ இருக்கும். சொந்த வீடென்றால் சுவரில் டிரில் போட்டு, பிளக் வைத்து இரண்டு கொக்கி. இடைவெளிக்குப் பேனலின் பின் நாலு மூலையிலும் 4 அங்குலக் கட்டை. வாடகை வீடென்றால் சுவரைத் தொடவே வேண்டாம். கீழே இரண்டு கால் வைத்துத் தட்டி மாதிரி நிற்க வையுங்கள். நகர்த்தவும் முடியும், வீடு மாறும்போது கூடவே வரும்.

எங்கே வைப்பது

முதல் பேனல் உங்கள் முதுகுக்குப் பின்னால். மைக்குக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நாம் வாங்கும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்பவை. மைக்கின் முகம் உங்களைப் பார்க்கிறது, அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையும். அந்தச் சுவரைத்தான் முதலில் மூட வேண்டும். பழைய மெத்தையை நிமிர்த்தி வைக்க இதுவே இடம்.

அடுத்து இரண்டு பக்கச் சுவர்கள். ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நகர்த்தட்டும். பேசும் இடத்தில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் எங்கே மைக் தெரிகிறதோ, அங்கே ஒரு பேனல். ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸ் செய்கிறவர்கள் மைக்குக்குப் பதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டையும் முழுக்க மூட வேண்டியதில்லை. ஒன்றில் பேனல் இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதில் காலியாக விட்டு மாற்றி மாற்றி வைத்தாலும் அந்த ‘ட்ரிங்ங்’ போய்விடும்.

தரைக்குப் பவானி ஜமுக்காளம், இரண்டாக மடித்து. கூரையைப் பலர் மறந்துவிடுவார்கள். தலைக்கு மேலே ஒரு பேனலைத் தொங்கவிட முடிந்தால் மிக நல்லது. ஆனால் கொக்கி கான்கிரீட்டில் உறுதியாக இறங்கியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். அறையின் நட்ட நடுவும் வேண்டாம், மூலையும் வேண்டாம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுவருக்கு நேராகப் பார்க்காமல் கொஞ்சம் கோணலாக உட்காருங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் உங்கள் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் ஓசை அப்படியே இருக்கும். எந்தப் பேனலும் இவ்வளவு சுலபமாக இதைத் தராது.

மூலைகளில் கோணி மூட்டை

அடிச்சுருதி முழக்கம் மூலைகளில்தான் சேரும். என் அறையின் அகலமும் உயரமும் ஒரே 10 அடி. அதனால் 57 ஹெர்ட்ஸ் அலை குறுக்கேயும் மேலும் கீழுமாகவும் ஒரே சமயத்தில் எழும்பும். தம்பி மிருதங்கத்தைக் கொண்டுவந்து, கனத்த ஓசை தரும் தொப்பிப் பக்கத்தில் தட்டினால் சில தட்டு மட்டும் அறையே ஊதிக்கொண்டது போல் கேட்கும்.

இதற்குக் கோணிப்பையைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் சாக்கு அல்ல, சணல் கோணி. அதில் கிழிந்த துணி, பேனலுக்கு ஆகாத துண்டு, பழைய தலையணை எல்லாவற்றையும் தளர்வாக நிரப்பி, வாயைத் தைத்து, மூலையில் தரையிலிருந்து கூரைவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். சரிந்துவிடாமல் இருக்க முன்னால் இரண்டு ரீப்பர் குறுக்கே கட்டினால் போதும். இரண்டு மூலைகளில் அடுக்கியதும் வித்தியாசம் தெரியும். நாலு மூலையிலும் முடிந்தால் நாலிலும் அடுக்குங்கள்.

அறைக்குள் பாடிக்கொண்டிருக்கும் மற்றவை

எல்லாம் செய்த பிறகும் என் பதிவில் ஒரு மெல்லிய ரீங்காரம். குறிப்பிட்ட ஒரு சுருதியைத் தொடும்போது மட்டும் வரும். இரண்டு நாள் மைக்கையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள், வாயை மூடி அதே சுருதியில் முனகிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தபோது பரணுக்கு அடியில் ரீங்காரம் பெரிதானது. மேலே, சீர்வரிசையில் வந்த பித்தளைக் குடம். ஒரு துண்டை உள்ளே திணித்தேன், நின்றுவிட்டது. ஸ்டீல் பீரோவின் கதவும் இப்படித்தான் அதிரும். உள்ளே துணி அடைத்து, கதவு இடுக்கில் ஒரு மடித்த அட்டையைச் செருகுங்கள். நீங்களும் முனகிக்கொண்டே ஒரு சுற்று வந்து பாருங்கள்.

மின்விசிறியை நிறுத்தித்தான் பதிவு செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டியூப்லைட்டின் சோக் இரையும், எல்இடி பல்பாக மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

நெருப்பும் ஈரமும்

இது துணி நிறைந்த அறை. பேனலுக்கும் ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், ஒயர் இவற்றுக்கும் நடுவில் ஒரு அடியாவது விடுங்கள். ஊதுவத்தி, விளக்கு, கொசுவத்திச் சுருள், சிகரெட் எதுவும் உள்ளே கூடாது. கதவுக்குப் போகும் வழியில் எதையும் அடுக்காதீர்கள்.

துணி சுலபமாகப் பற்றாமல் இருக்க ஒரு பழைய முறை உண்டு. 7 பங்கு வெங்காரம் (போராக்ஸ்), 3 பங்கு போரிக் அமிலம், 100 பங்கு வெந்நீர், எல்லாம் எடைக்கணக்கில். கையுறை போட்டுக்கொண்டு, இதில் பருத்தித் துணியை நனைத்து நிழலில் காயவையுங்கள். தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் துவைத்தால் மறுபடி நனைக்க வேண்டும். இதனால் துணி தீப்பிடிக்கவே பிடிக்காது என்று ஆகிவிடாது. பற்றுவது தாமதமாகும், அவ்வளவுதான். குழந்தைகள் கைக்கு அந்தக் கரைசல் எட்டக்கூடாது. ஒரு சிறு துண்டை நனைத்துக் காயவைத்து, வெளியே எடுத்துப்போய்த் தீக்குச்சி காட்டிப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

நிரப்பும் முன், கரைசலில் நனைப்பதானால் அதற்கும் முன்பே, எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். லேசான ஈரம் இருந்தாலும் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், பிறகு அந்த அறையில் மூச்சுவிட்டுப் பாட முடியாது. சுவரில் ஓதம் ஏறும் வீடென்றால் பேனல் நிற்கும் வகையாகவே இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்பும், மழை ஓய்ந்து வெயில் வந்த பிறகும் ஒரு நாள் எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்குங்கள்.

ஒவ்வொன்றாக வைத்து, கேட்டு

எல்லாப் பேனலையும் ஒரே நாளில் மாட்டிவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே, காலி அறையில் கைத்தட்டலையும், ஒரே பத்தி வாசிப்பையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். போன் போதும். அப்புறம் இரண்டு பேனல் வைத்ததும் அதே இடத்தில், அதே தூரத்தில், அதே பத்தி. ஹெட்போனில் முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திறந்தால் கைத்தட்டலுக்குப் பின் நீளும் வால் கண்ணுக்கே தெரியும். முதல் நாள் மீன்முள் மாதிரி நீண்டிருந்த வால், ஆறாவது பேனலுக்குப் பிறகு என் திரையில் ஒரு குச்சியாக நின்றது.

குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் உயிரில்லாமல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்றால் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கிவிட்டீர்கள். ஒரு பேனலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புத்தக அலமாரியை வையுங்கள். புத்தகங்களை வரிசையாக இல்லாமல் முன்னும் பின்னுமாக அடுக்கினால் ஓசை சிதறித் திரும்பும், குரலில் கொஞ்சம் வெளிச்சம் வரும். வயலின் வாசிக்கிறவர்களுக்கு இந்த வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். என் தங்கை வாசிக்க வரும் நாளில் தரை ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு, பக்கத்து இரண்டு தட்டிகளையும் வெளியே எடுத்து வைத்துவிடுவேன்.